கிளாஸ் டோஜோ செயலி: 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் எதைப் பயன்படுத்தலாம், எதை அணைத்து வைக்க வேண்டும்

வகுப்பில் யார் பேசினார்கள் என்று கரும்பலகை ஓரத்தில் லீடர் பெயர் எழுதுவது நம் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். டீச்சர் வெளியே போனதும் பெயர் ஏறும். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னும் பேசினால் இன்னொன்று. டீச்சர் திரும்பி வந்ததும் பட்டியலில் உள்ளவர்கள் எழுந்து நிற்பார்கள். கிளாஸ் டோஜோவை முதல்முறை திறக்கும் தமிழ் ஆசிரியருக்கு இந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வரும். திரையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குட்டி பூதப் பொம்மை, அதன் மூலையில் ஓர் எண். நல்லது செய்தால் எண் கூடும், தவறு செய்தால் குறையும்.

அந்தக் கரும்பலகைப் பட்டியலில் இல்லாத ஒன்று இதில் உண்டு. நல்லதை எழுத இடம் இருக்கிறது. இந்தச் செயலியின் பயன் முழுவதும் அந்த இடத்தில்தான். மற்றதில் பாதியை அணைத்து வைத்தால் வகுப்பு அமைதியாக இருக்கும் என்பது எங்கள் முடிவு.

2011-இல் சாம் சௌத்ரியும் லியாம் டானும் தொடங்கிய அமெரிக்க நிறுவனம் இது. ஆசிரியர்களுக்குக் கட்டணம் கிடையாது. பெற்றோர் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் ‘பிளஸ்’ என்ற சந்தா இருக்கிறது. வகுப்பில் சேரும் பெற்றோரின் போனுக்கு அதை வாங்கச் சொல்லி அழைப்பு வரும். வாங்கத் தேவையில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பள்ளிதான் பணம் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

தொடங்கும்போது

பெயர்ப் பட்டியலை மொத்தமாக ஒட்டிவிடலாம். ஆனால் நம் வருகைப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும். அப்படியே ஒட்டினால் பெயர் தேடும்போது கண் தடுமாறும். ‘ஹரிணி எஸ்’, ‘ஹரிணி வி’ என்று பெயரை முன்னால் வைத்து எழுதுங்கள். 40 கட்டங்களுக்கு நடுவே ஒரு பெயரைக் கண்டுபிடிக்க ஆகும் நேரம்தான் இந்த இலவசச் செயலிக்கு ஆசிரியர் கொடுக்கும் விலை.

அடுத்து, எதற்குப் புள்ளி கொடுப்பது என்ற பட்டியல். செயலியோடு சில தலைப்புகள் வருகின்றன: பிறருக்கு உதவுதல், வேலையில் கவனம், பங்கேற்பு, விடாமுயற்சி, குழுவாகச் செயல்படுதல், கடின உழைப்பு. நல்ல சொற்கள்தான். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘விடாமுயற்சி’ என்று ஒரு புள்ளி கொடுத்தால், தான் என்ன செய்ததற்கு அது வந்தது என்று அதற்குப் புரியாது. புரியாததை நாளைக்குத் திரும்பச் செய்யவும் முடியாது. இவற்றை எடுத்துவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய செயல்களாக நான்கு எழுதுங்கள். ‘மணி அடித்ததும் நோட்டை எடுத்தாய்’, ‘கை தூக்கிக் காத்திருந்தாய்’, ‘தப்பை அழித்து மறுபடி போட்டாய்’, ‘பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுத்தாய்’. நான்குக்கு மேல் போனால் ஆசிரியருக்கே நினைவில் நிற்காது. பாடத்தின் நடுவே எதைத் தட்டுவது என்று திரையில் தேட வேண்டி வரும்.

ஒவ்வொரு தலைப்புக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு வைக்க வசதி இருக்கிறது. எல்லாவற்றையும் 1-லேயே வையுங்கள். ஒன்றுக்கு 5, இன்னொன்றுக்கு 1 என்று வைத்தால் இரண்டே நாளில் பிள்ளைகள் 5 புள்ளி வேலையை மட்டும் செய்துகாட்டுவார்கள். ‘எனக்கு ஏன் மிஸ் ஒண்ணுதான்?’ என்ற பேரமும் தொடங்கிவிடும். பேரம் நுழைந்த வகுப்பில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வழக்கு.

சிவப்புப் புள்ளி

‘முன்னேற வேண்டியவை’ என்ற தலைப்பில் கழித்தல் புள்ளிகள் இருக்கின்றன. இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உறுதியாகவே சொல்கிறோம். என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும்.

ஆசிரியர் பலகையில் வகுத்தல் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறார். மூன்றாவது பெஞ்சில் ஒருவன் ஸ்கேலால் முன்னால் இருப்பவன் முதுகைக் குத்துகிறான். ஆசிரியர் போனை எடுத்து ஒரு புள்ளி கழிக்கிறார். ஸ்மார்ட் போர்டிலிருந்து மந்தமாக ஓர் ஒலி. 39 தலைகளும் முதலில் போர்டைப் பார்க்கின்றன, பிறகு அவனைப் பார்க்கின்றன. யாரோ சிரிக்கிறார்கள். அவன் ஸ்கேலை மேசையில் ஓங்கி அடிக்கிறான். இன்னொரு புள்ளி கழிகிறது. இப்போது அவன் கணக்கில் மைனஸ் 2. இனி அவன் இழக்க ஒன்றும் இல்லை. மைனஸ் 5 ஆக்கிக் காட்டினால் கடைசி பெஞ்சில் கொஞ்சம் மதிப்பாவது கிடைக்கும். வகுத்தல் நின்று பத்து நிமிடம் ஆகிவிட்டது.

அதே இடத்தில் செயலி இல்லாமல் செய்ய வேண்டியது மிகச் சிறிய காரியம். பேச்சை நிறுத்தாமல் நடந்து போய் அவன் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கண் பலகையில் இருக்கட்டும், விளக்கம் தொடரட்டும். ஸ்கேலை எடுத்து அவன் மேசை ஓரத்திலேயே வையுங்கள். பறிமுதல் வேண்டாம். நகரும்போது அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், ‘நாலாவது கணக்கைப் போடு, வந்து பாக்குறேன்.’ இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து பாருங்கள். இந்த இரண்டாவது வருகையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வருகிறேன் என்று சொல்லி வராத ஆசிரியரின் அடுத்த சொல்லுக்கு எடை குறைந்துவிடும். பக்கத்தில் நின்றது அவனுக்கு எல்லை காட்டியது. திரும்பி வந்தது அவன் வேலைக்கு மதிப்பு கொடுத்தது. வகுப்பில் மற்ற யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து நுணுக்கமாகப் பார்த்தவர். 1970-இல் அவர் வெளியிட்ட முடிவு ஆசிரியப் பயிற்சியின் போக்கையே மாற்றியது. பிள்ளை தவறு செய்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில், நன்றாக வகுப்பு நடத்துகிறவருக்கும் தடுமாறுகிறவருக்கும் பெரிய வேறுபாடு கிடைக்கவில்லை. வேறுபாடெல்லாம் தவறு நடப்பதற்கு முன்னால் இருந்தது. வகுப்பு முழுவதும் என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருப்பது, அது தெரியும் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தட்டுத் தடையில்லாமல் போவது. ‘டீச்சருக்கு முதுகிலும் கண்ணு’ என்று நம் பிள்ளைகள் சொல்வது இதைத்தான். சிவப்புப் புள்ளி நடந்து முடிந்ததைப் பதிவு செய்யும் கருவி. அதோடு, பதிவு செய்யும் அந்தச் சில விநாடிகளுக்கு ஆசிரியரின் கண்ணைக் கீழே இழுத்துவிடுகிறது.

சட்டமும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. எல்லாரும் பார்க்கும் திரையில் ஒரு பிள்ளையின் பெயருக்குக் கீழே மைனஸ் எண்ணை நாள் முழுக்க வைத்திருப்பது அந்த எல்லைக்கு மிக அருகில் போகிற காரியம். பிரம்பைக் கீழே வைத்த கையில் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அமைப்புகளுக்குள் போய்க் கழித்தல் தலைப்புகளை முடிந்தவரை நீக்குங்கள். ஒலியை அணையுங்கள். பொம்மைகளின் பக்கத்தில் எண் தெரிவதையும் மாற்றி அமைக்கலாம். எல்லாவற்றையும்விட எளிது, வகுப்புத் திரையை ஸ்மார்ட் போர்டில் திறக்காமலே இருப்பது. புள்ளி ஆசிரியரின் போனிலேயே இருக்கட்டும்.

பச்சைப் புள்ளி, அதன் கணக்கு

போனைத் திறந்து, 40 பெயரில் ஒன்றைத் தேடி, தட்டி, தலைப்பைத் தட்டி, போனைக் கீழே வைக்க 5 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 40 நிமிட பீரியடில் 24 புள்ளி கொடுத்தால் 2 நிமிடம் ஆசிரியரின் கண் பிள்ளைகள் மேல் இல்லை. அந்த 2 நிமிடமும் ஒரே மூச்சாகப் போனால் பரவாயில்லை. 24 துண்டுகளாகச் சிதறிப் போகிறது, ஒவ்வொரு துண்டும் கடைசி பெஞ்சுக்கு ஒரு வாய்ப்பு. இந்தச் செயலியை ஆர்வமாகத் தொடங்கி ஒரு மாதத்தில் கைவிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வகுப்பு அடங்கவில்லை என்பார்கள். அடங்காமல் போனதற்குக் காரணமே கையில் இருந்த போன்.

இதற்கு வழி இருக்கிறது. ஒரு நாளுக்கு 8 புள்ளி. அதற்கு மேல் வேண்டாம். யார் அந்த 8 பேர் என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள். திங்கள் முதல் வரிசை, செவ்வாய் இரண்டாவது வரிசை என்று போனால் வாரத்துக்கு 5 நாள், 8 பேராக, 40 பேரும் ஒருமுறையாவது ஆசிரியரின் கண்ணில் நிற்பார்கள். இன்றைய எட்டுப் பேரும் யார் என்று வகுப்புக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த எட்டுப் பேர் மட்டும் அன்று ஒழுங்காக இருப்பார்கள்.

புள்ளியைத் தட்டும் கணத்தைவிட முக்கியம் வாயால் சொல்வது. ‘குட்’ என்று சொல்லிவிட்டுத் தட்டினால் அது எண் மட்டும்தான். ‘கவின், மணி அடிச்சதும் நோட்டை எடுத்து வெச்சுட்ட’ என்று நடந்ததை நடந்தபடி, சாதாரணக் குரலில் சொன்னால், பக்கத்தில் நோட்டை எடுக்காத மூன்று பேரும் எடுத்துவிடுவார்கள். அவர்களை யாரும் கண்டிக்கவில்லை. பெரிய பிள்ளைகளிடம், ஏழாம் வகுப்புக்கு மேல், எல்லார் முன்னாலும் புகழ்வது சிலருக்குக் கூச்சமாக இருக்கும். அவர்களிடம் மேசைக்குப் பக்கத்தில் போய் மெல்லச் சொல்லுங்கள். பூதப் பொம்மையும் அந்த வயதில் எடுபடாது. மூன்றாம் வகுப்பு முதல் ஆறு வரைதான் இந்தச் செயலிக்குப் பொருத்தமான வயது.

இனி, செயலியின் மிகச் சிறந்த பகுதி. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இது தேவையில்லை, ஆசிரியருக்கு மட்டும்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை புள்ளி, எதற்கு என்று அறிக்கை எடுக்கலாம். வெள்ளி மாலை அதைத் திறந்து, மேலே இருக்கிறவர்களை விட்டுவிட்டுக் கீழே இருந்து படியுங்கள். பூஜ்யத்தில் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் சேட்டை செய்கிறவர்கள் இருக்க மாட்டார்கள், அவர்களைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறோமே. பூஜ்யத்தில் இருப்பது நடு பெஞ்சில் ஓரமாக உட்காரும், கேட்டால் மட்டும் பதில் சொல்லும், ஆறு மாதம் ஆகியும் குரல் எப்படி இருக்கும் என்று நினைவில் வராத பிள்ளை. வாரம் முழுக்க அது ஒழுங்காகத்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. எவ்வளவு அனுபவமுள்ள ஆசிரியர் கண்ணுக்கும் இந்தக் குருட்டுப் புள்ளி உண்டு. அதை எண்ணாகக் காட்டிக்கொடுப்பதால்தான் இந்தச் செயலியைப் பரிந்துரைக்கவே முடிகிறது. பூஜ்யப் பட்டியலை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திங்கட்கிழமை பாடக்குறிப்பில் வையுங்கள். அன்று அந்த மேசைகளுக்குப் பக்கத்தில் நின்று பாடம் நடத்துங்கள்.

அறிக்கையில் தலைப்பு வாரியாகவும் பார்க்க வேண்டும். ‘கை தூக்கிக் காத்திருந்தாய்’ என்பதற்கே எல்லாப் புள்ளியும் போயிருந்தால், ஆசிரியர் அமைதிக்கு மட்டும் பரிசு கொடுத்திருக்கிறார் என்று பொருள். தப்பை அழித்து மறுபடி போட்டவரைக் கவனிக்கவில்லை.

புள்ளியைச் சாக்லேட்டாக மாற்றும் பழக்கம் வேண்டாம். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழுவுக்கு, பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் வரையும் ஆசை குறைந்துபோனது. எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கிய குழுவுக்குக் குறையவில்லை. தானாகவே நோட்டை எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு ‘நோட்டை எடுத்தால் சாக்லேட்’ என்று அறிவித்தால், சாக்லேட் நின்ற நாளில் நோட்டும் நிற்கலாம். ஏதாவது தர வேண்டும் என்றால் வகுப்பு முழுவதற்கும், அறிவிக்காமல், காசு செலவில்லாமல் தாருங்கள். கடைசி 5 நிமிடம் விடுகதை, மதிய உணவு வரிசையில் முதலில் போவது, மைதானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்புவது போதும்.

குழுப் புள்ளி

பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து மொத்தமாகப் புள்ளி தரும் வசதி நன்றாகவே வேலை செய்கிறது, ஒழுங்காக அமைத்தால். இதன் வேர் பழையது. 1969-இல் பாரிஷ், சாண்டர்ஸ், வுல்ஃப் ஆகியோர் அமெரிக்காவின் நான்காம் வகுப்பு ஒன்றில் ‘நன்னடத்தை விளையாட்டு’ என்று ஒன்றை நடத்திப் பதிவு செய்தார்கள். வகுப்பு இரண்டு அணி. அனுமதியில்லாமல் எழுந்தாலோ குறுக்கே பேசினாலோ அந்த அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. கணக்கு பீரியடில் முதலில், பிறகு வாசிப்பு பீரியடில். இரண்டிலும் பேச்சும் எழுந்து திரிவதும் வெகுவாகக் குறைந்தன. பரிசு என்று வைத்தது கூடுதல் விளையாட்டு நேரம், உணவுக்கு முதலில் வரிசையில் நிற்பது போன்றவைதான்.

செயலியில் தவறுக்குக் கோடு போடாமல், ஒழுங்காக இருக்கும் அணிக்குப் புள்ளி கொடுத்து இதைச் செய்யலாம். அப்போது மூன்று இடத்தில் கோளாறு வரும். நாள் முழுக்க நடத்தினால் விளையாட்டு சலித்துவிடும். 15 நிமிடம், பிள்ளைகள் தனியாக எழுதும் நேரத்தில் மட்டும் நடத்துங்கள். ஓர் அணிதான் ஜெயிக்கும் என்று வைத்தால் தோற்கும் அணி பாதியிலேயே கைவிட்டுவிடும். ‘5 புள்ளியைத் தொட்ட எல்லா அணிக்கும் பரிசு’ என்று வையுங்கள். மூன்றாவதுதான் கடினம். வேண்டுமென்றே அணியைத் தோற்கடிக்கும் ஒரு பிள்ளை இருக்கும். அணி முழுவதும் அதன் மேல் பாயும், இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் அடிதடியாகும். அந்தப் பிள்ளையைத் திட்டாமல், தனியாக ஓர் அணியாக்கி, அதற்கும் அதே 5 புள்ளி இலக்கைக் கொடுங்கள். மற்றவர்கள் அதற்காகத் தண்டனை அனுபவிப்பது நின்றுவிடும். பார்வையாளர் கூட்டம் கலைந்ததும் வேகமும் குறையும்.

போன் இல்லாத, இணையம் நொண்டும் பள்ளிகளில் இந்தக் குழு விளையாட்டை ஒரு சாக்பீஸால் அப்படியே நடத்தலாம். எதுவும் குறையாது.

சத்தமானி

கருவிப் பெட்டியில் இருக்கும் சத்தமானியைப் பார்த்துத்தான் பலர் இந்தச் செயலிக்கு வருகிறார்கள். போனின் மைக் வழியே ஒலியை வாங்கி, கூடினால் திரையில் கோடு உயரும். உணர்திறனை நாமே கூட்டலாம், குறைக்கலாம். நம் வகுப்பறைக்கு இது பொருந்தவில்லை.

முதல் காரணம் மின்விசிறி. மூன்று விசிறி முழு வேகத்தில் சுற்றும் அறையில் யாரும் பேசாதபோதே கோடு பாதி உயரத்தில் நிற்கும். அதற்குத் தக்கபடி உணர்திறனைக் குறைத்தால் மெல்லிய பேச்சு பதிவாகாது. கூட்டினால் மைதானத்து விசிலும் தெருவில் போகும் பஸ் ஹாரனும் பிள்ளைகளின் கணக்கில் ஏறும். இரண்டாவது காரணம் தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அறைக்குள் எதிரொலியால் அவ்வளவு குறையாது, என்றாலும் வித்தியாசம் உண்டு. மேசை மேல் இருக்கும் போனுக்கு 1 மீட்டரில் உட்காரும் பிள்ளை பென்சில் டப்பாவைத் திறந்தாலே கோடு எகிறும். 8 மீட்டர் தள்ளிக் கடைசி பெஞ்சில் இருவர் கிரிக்கெட் பேசுவது அதற்குக் கேட்காது. செய்யாத தப்புக்கு முன் பெஞ்ச் பதில் சொல்லும். மூன்றாவது காரணத்தைப் பிள்ளைகளே காட்டிவிடுவார்கள். கோடு எவ்வளவு உயரம் போகும் என்று பார்க்க ஒருவன் இருமுவான், அடுத்தவன் மேசையைத் தட்டுவான். அமைதிக்காக வைத்த கருவி வேடிக்கைப் பொருளாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ போன்ற திட்டத்தில் குழுவாக உட்கார்ந்து அட்டையும் மணிச்சட்டமும் வைத்துப் பிள்ளைகள் பேசிக்கொண்டே வேலை செய்யும்போது வரும் சத்தம் தேவையான சத்தம். வேலைச் சத்தத்தையும் வெட்டிச் சத்தத்தையும் பிரித்தறிய மைக்கால் முடியாது, காதால் முடியும்.

சத்தமானிக்குப் பதிலாக ஒரு சைகை போதும். வலது கையை உயர்த்தி, ஐந்திலிருந்து ஒன்று வரை விரலை மடக்குவது. பார்க்கிற பிள்ளை தானும் கையை உயர்த்தி, வாயை மூடி, முகத்தைத் திருப்பும். ஜூன் மாதம் முதல் நாள் இதை விளக்கி, மூன்று முறை ஒத்திகை பாருங்கள். ஒத்திகைக்கு வேண்டுமென்றே சத்தம் போடச் சொல்லி அடக்கிக் காட்டுங்கள். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு நாளும் ஒரு தடவை. இந்த முறை உடைவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: 40 பேரில் 34 பேர் அடங்கியதும் ஆசிரியர் பேசத் தொடங்கிவிடுவார். மீதி 6 பேருக்கு இந்தச் சைகை நமக்கில்லை என்று புரிந்துவிடும், அடுத்த வாரம் 12 பேருக்குப் புரியும். கடைசி ஆள் அடங்கும்வரை கையை இறக்காமல், ‘ஸ்ஸ்’ என்று சொல்லாமல், கோபம் காட்டாமல் நில்லுங்கள். முழு அமைதி வந்ததும் மூன்று விநாடி கழித்து, முன்பு பேசியதைவிடத் தாழ்ந்த குரலில் தொடங்குங்கள். ஆசிரியரின் குரல் தாழ்ந்தால்தான் பிள்ளைகள் காதைக் கூர்மையாக்குவார்கள். உரக்கப் பேசும் ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகளின் பேச்சும் அதற்குக் கீழே வசதியாக மறைந்துகொள்ளும்.

டைமரும் பெயர் எடுப்பதும்

டைமர் நல்ல கருவி, ஸ்மார்ட் போர்டு இருந்தால். வகுப்பில் குழப்பம் பிறப்பது பெரும்பாலும் பாடத்தின் நடுவில் இல்லை, ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில். தமிழ்ப் புத்தகத்தை உள்ளே வைத்து, கணக்கு நோட்டை எடுத்து, தேதியும் தலைப்பும் எழுத 90 விநாடி வையுங்கள். 3 நிமிடம் கொடுத்தால் முதல் இரண்டு நிமிடம் பேச்சு, கடைசி நிமிடம் வேலை. நேரம் முடிந்ததும் ‘இன்னும் ஒரு நிமிஷம்’ என்று நீட்டினால் அடுத்த நாள் முதல் டைமரை யாரும் பார்க்க மாட்டார்கள். முடிக்காதவர்களை விட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். அவர்கள் ஓடிவந்து சேர்ந்துகொள்வார்கள். போன் திரையில் மட்டும் ஓடும் டைமர் 40 பேருக்குத் தெரியாது, அதற்கு வாயால் எண்ணுவதே மேல்.

குலுக்கலில் பெயர் எடுக்கும் வசதியும் இருக்கிறது. கேள்வியைக் கேட்டு, மூன்று விநாடியாவது காத்திருந்து, பிறகு பெயரை எடுங்கள். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர், ஆசிரியர்கள் வழக்கமாகக் காத்திருப்பது சுமார் ஒரு விநாடிதான் என்றும், மூன்று விநாடி ஆக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்வதோடு வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் கண்டார். பெயர் முதலில் வந்துவிட்டால் மற்ற 39 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். காலி பிஸ்கட் டப்பாவில் பெயர்ச் சீட்டு போட்டு எடுத்தாலும் இதே பலன்தான். எடுத்த சீட்டை டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிடுங்கள். வெளியே வைத்தால் ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது என்று அந்தப் பிள்ளை சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

பெற்றோர், தரவு

ஆசிரியரின் போன் எண்ணைக் கொடுக்காமலே பெற்றோருடன் செய்தி பரிமாறலாம், இரவில் அறிவிப்பு வராதபடி நேரமும் வைக்கலாம். வகுப்பு வாட்ஸாப் குழுவோடு ஒப்பிட்டால் இது பெரிய நிம்மதி. ஆனால் பிள்ளையின் புள்ளியைப் பெற்றோர் பார்க்கும் வசதியை அணைத்து வையுங்கள். மாலை 5 மணிக்கு அப்பாவின் போனில் ‘இன்று 0’ என்று தெரிந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை ஆசிரியரால் கட்டுப்படுத்த முடியாது. வாரத்துக்கு ஒரு புள்ளி என்று நாம் போட்ட கணக்கு அவருக்குத் தெரியாது. எதிர் வீட்டுப் பிள்ளைக்கு 3 வந்திருப்பது தெரியும். அதற்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு வாக்கியம் அனுப்புங்கள்: ‘இன்று வகுத்தலில் தப்பு வந்தபோது தானே அழித்து மறுபடி போட்டார்.’

2014-இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் பிள்ளைகளின் நடத்தையை இப்படிப் பதிவு செய்து வைப்பது பற்றிக் கேள்வி எழுப்பியது. புள்ளிகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்று நிறுவனம் அதன்பின் அறிவித்தது. இந்தியாவில் 2023-ஆம் ஆண்டு தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும் பொதுவாகத் தடுக்கிறது. கல்விப் பணிக்காகக் கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் விலக்கு உண்டு. ஆகவே இது ஓர் ஆசிரியர் தன் போனில் தானாகத் தொடங்கிவிடும் காரியம் அல்ல. தலைமையாசிரியர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும். முழுப் பெயரோ பிறந்த தேதியோ புகைப்படமோ ஏற்றத் தேவையில்லை. கூப்பிடும் பெயரும் ஓர் எழுத்தும் போதும்.

ஆண்டு முழுக்க ஓட்டவும் வேண்டாம். ஜூனில் செயலியைத் தொடவே வேண்டாம், சைகையும் நோட்டு எடுக்கும் முறையும் பழகட்டும். ஜூலை தொடங்கி ஆறு வாரம், நாளுக்கு 8 புள்ளி. பிறகு வாரத்தில் இரண்டு நாள். காலாண்டுத் தேர்வுக்குப் பின் வாய்ச்சொல் மட்டும். பொங்கல் விடுமுறை முடிந்து பழக்கம் தளர்ந்தால் இன்னும் ஒரு வாரம் எடுங்கள். ஏப்ரலில், கடைசி வேலை நாளுக்கு முன்னால், எல்லாப் புள்ளியையும் பூஜ்யமாக்கி வகுப்பை நீக்கிவிடுங்கள். அடுத்த வகுப்பு ஆசிரியர் கேட்டாலும் அறிக்கையைக் கொடுக்காதீர்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் உட்கார்ந்தால் பலகை நன்றாகத் தெரியும், யாருக்குக் கணக்கில் வாய்ப்பாடு இன்னும் பிடிபடவில்லை, யாரைக் கூட்டத்தில் புகழ்ந்தால் கூசும் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.